அணைத்த பிறகும் எல்.இ.டி. பல்பு ஏன் மினுங்குகிறது? சுவிட்சும் விளக்கும் வேலை செய்யும் விதம்

சுவிட்சை அணைத்தாகிவிட்டது. இருட்டில் பார்த்தால் பல்பு மட்டும் மங்கலாக மினுங்கிக்கொண்டே இருக்கிறது. சில வீடுகளில் நாலைந்து விநாடிக்கு ஒருமுறை பளிச்சென்று வெட்டி அணைகிறது. கடையில் கேட்டால் பல்பு மட்டம் என்கிறார்கள்; மாற்றிய புதுப் பல்பும் அதையே செய்கிறது. எலக்ட்ரீஷியன்களில் ஒருவர் "அது அப்படித்தான் சார் இருக்கும், ஒண்ணும் ஆகாது" என்பார். இன்னொருவர் வீடு முழுக்க வயரிங்கை மாற்றச் சொல்வார்.

இரண்டு பேர் சொல்வதும் சில வீடுகளுக்குப் பொருந்தும், எல்லா வீட்டுக்கும் பொருந்தாது. இந்த மினுங்கல் பெரும்பாலும் தொந்தரவில்லாத விஷயம். ஆனால் சில வீடுகளில் இதே மினுங்கல், பல்பை மாற்றப் போகிறவரின் உயிரை எடுக்கக்கூடிய வயரிங் பிழையின் அடையாளம். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால், சுவிட்ச் எந்த வயரை வெட்டுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஃபேஸ், நியூட்ரல், எர்த்

தெருமுனை டிரான்ஸ்பார்மர் 11,000 வோல்ட் மின்சாரத்தை வாங்கி, மூன்று ஃபேஸ்களாகவும் ஒரு நியூட்ரலாகவும் தெருக் கம்பங்களுக்கு அனுப்புகிறது. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே சுமார் 230 வோல்ட் இருக்கும். இரண்டு ஃபேஸ்களுக்கு இடையே சுமார் 400 வோல்ட். சாதாரண வீட்டு இணைப்புக்கு ஒரு ஃபேஸும் நியூட்ரலும் வரும்.

டிரான்ஸ்பார்மர் இருக்கும் இடத்தில் நியூட்ரலை மண்ணோடு சேர்த்துப் புதைத்திருப்பார்கள். அதனால் நியூட்ரலுக்கும் நாம் நிற்கும் தரைக்கும் இடையே பெரிய வோல்ட்டேஜ் வித்தியாசம் இருக்காது. ஃபேஸுக்கும் தரைக்கும் இடையே முழு 230 வோல்ட் இருக்கும். ஃபேஸைத் தொட்டால் ஷாக் அடிப்பதும், நியூட்ரலைத் தொட்டால் வழக்கமாக அடிக்காததும் இதனால்தான். 'வழக்கமாக' என்ற சொல்லைக் கவனிக்கவும். நியூட்ரல் எங்கேயாவது அறுந்திருந்தால் கதை வேறு. அதைக் கடைசியில் பார்ப்போம்.

எர்த் வயரில் சாதாரண நேரத்தில் மின்சாரம் ஓடாது. கிரைண்டர், ஃபிரிட்ஜ் போன்றவற்றின் உலோக உடம்பில் ஃபேஸ் பட்டுவிட்டால், அதை மண்ணுக்குக் கொண்டுபோவது அதன் வேலை.

பழைய வீடுகளில் ஃபேஸுக்குச் சிவப்பு, நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை என்பது வழக்கம். மூன்று ஃபேஸ் வீட்டில் சிவப்பு, மஞ்சள், நீலம் மூன்றுமே ஃபேஸ். ஆனால் நிறத்தை மட்டும் நம்பிக் கைவைக்கக் கூடாது. கையில் இருந்த சுருள் தீர்ந்ததும் அடுத்த நிறத்தை எடுத்து இழுத்த வேலைகள் ஏராளம்.

சுவிட்சுக்குள்ளே

மேல் மூடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் சுவிட்ச் மிக எளிய பொருள். அசையாத ஒரு உலோகத் துண்டு, ஸ்பிரிங்கால் அசையும் இன்னொரு துண்டு, இரண்டும் முட்டும் இடத்தில் வெள்ளிக் கலவையில் சிறு பொட்டு. அழுத்தினால் பொட்டுகள் சேரும், மறுபடி அழுத்தினால் விலகும். விலகிய நிலையில் இடைவெளி சில மில்லிமீட்டர்தான்.

'டக்'கென்ற சத்தம் வருவதற்குக் காரணம் ஸ்பிரிங். நாம் எவ்வளவு மெதுவாக அழுத்தினாலும், பாதி தூரம் தாண்டியதும் ஸ்பிரிங் தானே தள்ளிவிடும். இது அவசியம். பொட்டுகள் பிரியும் கணத்தில் இடையே ஒரு சிறு தீப்பொறி ஓடுகிறது. பிரிவது மெதுவாக நடந்தால் அந்தப் பொறி நீண்டு உலோகத்தை அரித்துவிடும். நம் வீட்டு மின்சாரம் திசை மாறி மாறி விநாடிக்கு 50 சுற்று அடிக்கும் ஏ.சி. என்பதால், கரண்ட் விநாடிக்கு 100 முறை பூஜ்ஜியத்தைத் தொடுகிறது. அந்தக் கணத்தில் பொறி தானாக அணைந்துவிடும். ஒரே திசையில் ஓடும் டி.சி. மின்சாரத்தில் இந்த இடைவேளை கிடையாது. மாடியில் சோலார் போடுகிறவர்கள் பேனல் பக்கத்து டி.சி. லைனில் சாதாரண ஏ.சி. சுவிட்சைப் போடக் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

'டக்' சத்தம் மந்தமானாலோ, சுவிட்ச் பாதியில் நின்றாலோ, ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்று பொருள். அதைச் சரிசெய்ய முடியாது, மாற்றத்தான் வேண்டும். கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்க்கும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. தயவுசெய்து வேண்டாம். எண்ணெயில் தூசி ஒட்டும், பொறி பட்டுக் கருகும், கருகல் வழியாகவே மின்சாரம் கசியும்.

முக்கியமான செய்தி இதுதான்: சாதாரணச் சுவிட்ச் ஒரே ஒரு வயரைத்தான் வெட்டுகிறது. பல்புக்குப் போகும் இரண்டு வயர்களில் மற்றது எப்போதும் இணைந்தே இருக்கும். சுவிட்ச் ஃபேஸை வெட்டினால், அணைத்த பிறகு ஹோல்டரில் மிஞ்சுவது நியூட்ரல். நியூட்ரலை வெட்டினால், மிஞ்சுவது ஃபேஸ். விளக்கு இரண்டு விதத்திலும் எரியும், அணையும். வித்தியாசம் ஹோல்டருக்குள் விரல் போகும்போதுதான் தெரியும்.

இந்தியாவில் 1956-ஆம் ஆண்டின் மின்சார விதிகளே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டன. எர்த் செய்யப்பட்ட நியூட்ரலில் தனியாகச் சுவிட்சோ ஃபியூஸோ வைக்கக் கூடாது. வைத்தால் ஃபேஸையும் சேர்த்து ஒரே நேரத்தில் வெட்டும் சுவிட்சாக இருக்க வேண்டும் என்பது அதன் 32-வது விதி. ஆக, சுவரில் இருக்கும் ஒற்றைச் சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்க வேண்டும் என்பது எலக்ட்ரீஷியனின் விருப்பத்தைப் பொறுத்த விஷயமில்லை.

இந்தத் தொல்லை ஏன் இப்போது மட்டும்?

குண்டு பல்பு காலத்தில் இப்படி மினுங்கல் யாரும் பார்த்ததில்லை. அப்போது வயரிங் சுத்தமாக இருந்தது என்று அர்த்தமில்லை. பிழை அன்றும் இருந்தது, பல்புதான் அதைக் காட்டவில்லை.

60 வாட்ஸ் குண்டு பல்பு எரிய சுமார் 0.26 ஆம்பியர் வேண்டும். டங்ஸ்டன் இழை வெள்ளைச் சூடாகப் பழுத்தால்தான் வெளிச்சம். அதன் வழியாக ஆயிரத்தில் ஒரு பங்கு கரண்ட் கசிந்தால் இழை வெதுவெதுப்பாகக்கூட ஆகாது. சோக், ஸ்டார்ட்டர் போட்ட டியூப் லைட்டும் அப்படியே. அது பற்றிக்கொள்ளவே ஒரு பெரிய வோல்ட்டேஜ் உதை வேண்டும். எலக்ட்ரானிக் சர்க்யூட்டோடு சி.எஃப்.எல். வந்தபோதுதான் முதல்முறையாக அணைத்த விளக்கு வெட்ட ஆரம்பித்தது. பிறகு 2015-இல் மத்திய அரசின் உஜாலா திட்டம் தொடங்கி, மலிவு விலையில் கோடிக்கணக்கான எல்.இ.டி. பல்புகள் வீடுகளுக்குள் வந்தன. பழைய வயரிங்கில் புதுப் பல்பு ஏறியது. முப்பது வருடமாகச் சுவருக்குள் மறைந்திருந்த கசிவு கண்ணுக்குத் தெரிந்தது.

எல்.இ.டி. பல்பின் கழுத்துக்குள் டிரைவர் என்று ஒரு சிறு சர்க்யூட் இருக்கிறது. 230 வோல்ட் ஏ.சி.யை அது முதலில் டி.சி.யாக்குகிறது. பெரும்பாலான டிரைவர்களில் ஒரு கெபாசிட்டர் இந்த மின்சாரத்தைச் சேமிக்கிறது. அதன் உச்ச வோல்ட்டேஜ் சுமார் 325. பிறகு ஒரு சிப், கரண்டை அளந்து எல்.இ.டி. பொட்டுகளுக்குக் கொடுக்கிறது. பல்பின் வெள்ளை மூடியைக் கழற்றினால் அலுமினியத் தட்டின் மேல் மஞ்சள் பொட்டுகள் வரிசையாகத் தெரியுமே, அவைதான். மஞ்சளாகத் தெரிவது மேலே பூசிய பாஸ்பர். உள்ளே இருப்பது நீல ஒளி தரும் எல்.இ.டி. இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

எல்.இ.டி. பொட்டுக்குச் சூடாக வேண்டிய கட்டாயம் இல்லை. சில பத்து மைக்ரோ ஆம்பியர் போனாலே இருட்டில் கண்ணுக்குத் தெரியும் அளவுக்கு மினுங்கும். அதுதான் விஷயம்.

மினுங்குவதா வெட்டுவதா என்பது டிரைவரைப் பொறுத்தது. எளிய டிரைவரில் கசிந்து வரும் கரண்ட் நேராகப் பொட்டுகளுக்குப் போய்விடும். தொடர்ந்து மங்கலாக எரியும். சிப் உள்ள டிரைவரில் கசிவு கெபாசிட்டரை மெல்ல மெல்ல நிரப்பும். சிப் விழிக்கும் அளவுக்கு நிரம்பியதும் ஒரு வெட்டு வெட்டும், சேமிப்பு காலியாகும், மறுபடி நிரம்ப ஆரம்பிக்கும். அந்த நாலைந்து விநாடி என்பது கெபாசிட்டர் நிரம்ப எடுக்கும் நேரம்.

கசிவு எங்கிருந்து வருகிறது?

நான்கு வழிகள் உண்டு.

1. கெபாசிட்டரில் மிஞ்சிய மின்சாரம். அணைத்ததும் ஒன்றிரண்டு விநாடியில், சில பல்புகளில் இன்னும் கொஞ்சம் தாமதமாக, மங்கி மறைந்துவிட்டால் அது டிரைவரில் மிஞ்சிய சேமிப்பு. கோளாறே இல்லை.

2. இண்டிகேட்டர் சுவிட்ச். இருட்டில் சுவிட்ச் தெரிவதற்காகச் சின்னச் சிவப்பு விளக்கு வைத்த சுவிட்ச். அணைத்த நிலையில் எரியும் வகையில், அந்த விளக்கு சுவிட்சின் இரு முனைகளுக்கும் குறுக்கே இருக்கும். அது எரியக் கரண்ட் வேண்டும். அந்தக் கரண்ட் பல்பு வழியாகத்தான் நியூட்ரலுக்குப் போக முடியும். அளவு ஒரு மில்லி ஆம்பியரை ஒட்டியோ அதற்குக் கீழோதான். ஆனால் எல்.இ.டி.க்கு அது தாராளம்.

3. பக்கத்து வயரிலிருந்து தூண்டல். சுவருக்குள் ஒரே பைப்பில் ஐந்தாறு வயர்கள் நெருக்கமாகப் போகின்றன. பக்கத்து விளக்குக்குப் போகும் ஃபேஸ் வயரும், அணைத்த நம் பல்பின் வயரும் அருகருகே ஓடும்போது இரண்டும் சேர்ந்து ஒரு கெபாசிட்டராகிவிடுகின்றன. மீட்டருக்குத் தோராயமாக 100 பிக்கோ ஃபாரட் என்று வைத்தால், 10 மீட்டருக்கு 1 நானோ ஃபாரட். 230 வோல்ட்டில் இது கடத்தும் கரண்ட் சுமார் 72 மைக்ரோ ஆம்பியர். 60 வாட்ஸ் குண்டு பல்புக்குத் தேவையானதில் மூவாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. எல்.இ.டி.யோ இதற்கே கண்ணைத் திறந்துவிடும். வயர் நீளமாக ஓடும் இடங்களில், முக்கியமாகப் படிக்கட்டு விளக்குகளில், இது அதிகம்.

4. சுவிட்ச் நியூட்ரலில் இருப்பது. ஆபத்தானது இது ஒன்றுதான். ஃபேஸ் நேராக ஹோல்டருக்கு வந்து நிற்கிறது. அணைத்தாலும் பல்பின் ஒரு முனையில் 230 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். மறுமுனையில் இருக்கும் வயர் சுவிட்ச் வரை சுவருக்குள் ஓடுகிறது; பக்கத்து எர்த், நியூட்ரல் வயர்களோடும் ஈரச் சுவரோடும் அதற்குத் தூண்டல் உண்டு. அந்த வழியில் பல்புக்குள் கொஞ்சம் கரண்ட் ஊர்கிறது. மழைக்காலத்தில் மினுங்கல் கூடுகிறது என்றால் சுவரில் ஈரம் ஏறியிருக்கிறது. வயரிங்கைத் திறந்து பார்க்க அதுவே போதுமான காரணம்.

நான்காவது பிழை எப்படி வருகிறது? வேலை நடக்கும்போதே வயர் மாறிப்போவது ஒரு வகை. மாடி கட்டும்போது கீழ் வீட்டுப் போர்டிலிருந்து லைன் இழுத்து, எது ஃபேஸ் என்று பார்க்காமல் சேர்ப்பது இன்னொரு வகை. மூன்றாவது வகை வீட்டுக்கு வெளியே நடக்கிறது: புயலுக்குப் பிறகோ சர்வீஸ் வயர் மாற்றும்போதோ கம்பத்தில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறிவிட்டால், ஒழுங்காக வயரிங் செய்த வீடுகூட ஒரே நாளில் தலைகீழாகிவிடும். எல்லாச் சுவிட்சும் நியூட்ரலுக்குப் போய்விடும். கரண்ட் அளவுமீறினால் தானே விழுந்து லைனை வெட்டும் ஒற்றை எம்.சி.பி.களும் நியூட்ரலில் உட்கார்ந்துவிடும். இது இன்னும் மோசம். ஃபிரிட்ஜ் உடம்பில் ஃபேஸ் பட்டு எர்த்துக்கு ஓடினால், அந்தக் கரண்ட் எம்.சி.பி. வழியாகப் போகவே போகாது. எம்.சி.பி. விழாது.

எது என்று கண்டுபிடிப்பது எப்படி?

நியான் டெஸ்டர் பெரும்பாலான வீடுகளில் இருக்கிறது. அதன் கண்ணாடிப் பிடிக்குள் ஒரு நியான் விளக்கும், பத்து லட்சம் ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டரும் இருக்கும். நுனி ஃபேஸில் பட்டு, உச்சியிலுள்ள உலோகத்தில் விரல் பட்டால், கால் மில்லி ஆம்பியருக்கும் குறைவான கரண்ட் நம் உடல் வழியாகப் போய் விளக்கு எரியும். இவ்வளவு குறைந்த கரண்டில் எரிவதால், வெறும் தூண்டல் வோல்ட்டேஜுக்கும் அது லேசாக எரியும். அதேபோல டெஸ்டர் எரியவில்லை என்பதால் வயர் செத்துவிட்டது என்றும் முடிவுகட்டக் கூடாது, டெஸ்டரே பழுதாகியிருக்கலாம். கரண்ட் இருப்பது தெரிந்த இடத்தில் முதலில் அதைச் சோதித்துவிட்டு வருவதே முறை.

காலில் செருப்போடு, உலர்ந்த தரையில் நின்று, வீட்டுக்காரரே செய்யக்கூடியது பிளக் பாயிண்ட் சோதனை.

1. பாயிண்டின் சுவிட்சைப் போடுங்கள். எர்த் துளை மேலே இருக்கும்படி பார்த்தால், வலது துளையில் டெஸ்டர் எரிய வேண்டும். அதுதான் ஃபேஸ்.
2. இப்போது சுவிட்சை அணையுங்கள். எந்தத் துளையிலும் எரியக் கூடாது.
3. அணைத்த பிறகும் ஒரு துளையில் நன்றாக எரிந்தால், அந்தச் சுவிட்ச் நியூட்ரலை வெட்டுகிறது.
4. வீட்டின் எல்லா பாயிண்டிலும் இடது துளையில் எரிந்து, அணைத்தாலும் நிற்காவிட்டால், மீட்டர் பக்கத்திலோ கம்பத்திலோ வயர் மாறியிருக்கிறது. மின்வாரியத்துக்குப் புகார் சொல்ல வேண்டும்.
5. ஒரே ஒரு பாயிண்டில் மட்டும் இடப்பக்கம் எரிந்து, அணைத்ததும் நின்றால், அங்கே துளைகள் மட்டும் மாறியிருக்கின்றன. திருத்த வேண்டியதுதான், ஆனால் சுவிட்ச் ஃபேஸில்தான் இருக்கிறது.

ஷட்டர் வைத்த பாயிண்டில் டெஸ்டர் உள்ளே போகாது. குச்சி விட்டு ஷட்டரைத் திறக்க முயல வேண்டாம்.

பிளக் பாயிண்ட் சரியாக இருந்தும் ஒரு விளக்கு மட்டும் மினுங்கினால், போர்டைத் திறந்து அந்தச் சுவிட்சைப் பார்க்க வேண்டும். இது எலக்ட்ரீஷியன் வேலை. ஆனால் என்ன பார்க்கச் சொல்ல வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது. பல்பு மாட்டியிருக்க, சுவிட்ச் *போட்ட* நிலையில் சுவிட்சின் இரண்டு முனைகளிலும் டெஸ்டர் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டிலும் எரிந்தால் சுவிட்ச் ஃபேஸில் இருக்கிறது. இரண்டிலும் எரியாவிட்டால் நியூட்ரலில் இருக்கிறது. அணைத்த நிலையில் பார்த்தால் தூண்டல் குழப்பும். போட்ட நிலையில் குழப்பத்துக்கு இடமில்லை.

சரிசெய்யும் வழி

நியூட்ரல் பிழை என்றால் பேச்சே இல்லை, வயரை மாற்றியே ஆக வேண்டும். மாற்றும் வரை, பல்பையோ ஹோல்டரையோ தொடும் முன் ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் வெட்டும் மெயினை அணைக்க வேண்டும். சுவர்ச் சுவிட்சை அணைத்துவிட்டு ஸ்டூல் மேல் ஏறுவது அந்த வீட்டில் பாதுகாப்பு இல்லை. கை ஈரமாக இருந்தால் உடலின் மின்தடை சுமார் 1000 ஓம் வரை இறங்கக்கூடும். 230 வோல்ட்டில் அது 230 மில்லி ஆம்பியர். கரண்ட் கசிந்தால் லைனை வெட்டும் பாதுகாப்புச் சுவிட்சான ஆர்.சி.சி.பி., வீட்டுக்கானதில், 30 மில்லி ஆம்பியரிலேயே விழும்படி செய்யப்பட்டிருப்பது எதற்கு என்று இதிலிருந்து புரியும். ஃபேஸில் போகிற கரண்டும் நியூட்ரலில் திரும்புகிற கரண்டும் சமமாக இருக்கிறதா என்று மட்டுமே அது பார்க்கிறது. வயர் தலைகீழாக இருந்தாலும் அதன் கணக்கு தவறாது. எம்.சி.பி. இருக்கிறதே என்று ஆர்.சி.சி.பி.யைத் தவிர்ப்பது மிகப் பெரிய தவறு. எம்.சி.பி. வயரைக் காப்பாற்றுகிறது; ஆளைக் காப்பாற்றுவது ஆர்.சி.சி.பி.

இண்டிகேட்டர் சுவிட்ச்தான் காரணம் என்றால், இண்டிகேட்டர் இல்லாத சுவிட்ச் ஒன்று போதும்.

தூண்டல் என்றால், பல்பின் இரு முனைகளுக்கும் குறுக்கே ஒரு கெபாசிட்டர் போடலாம்: 0.1 மைக்ரோ ஃபாரட், எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சிட்டிருக்க வேண்டும். முன்பு பார்த்த 72 மைக்ரோ ஆம்பியர் இதன் வழியே ஓடினால் பல்பின் முனைகளில் சுமார் 2.3 வோல்ட்தான் மிஞ்சும். பல்பு வாயைத் திறக்காது. ஃபேன் கெபாசிட்டரையோ கையில் கிடைத்த வேறெதையோ போடக் கூடாது; எக்ஸ்2 வகை பழுதானாலும் தீப்பிடிக்காதபடி செய்யப்பட்டது. மினுங்கல் கண்ணை உறுத்தவில்லை என்றால் ஒன்றும் செய்யாமல் விட்டாலும் சரிதான். கரண்ட் பில் கூடுமோ என்ற பயம் தேவையில்லை.

படிக்கட்டு விளக்கு

கீழே போட்டு மேலே அணைக்கும் டூ-வே சுவிட்சில் மூன்று முனைகள் இருக்கும். ஒன்று பொதுமுனை, மற்ற இரண்டும் எதிர்ச் சுவிட்சுக்குப் போகும் இரட்டை வயர்கள். ஒரு சுவிட்சின் பொதுமுனைக்கு ஃபேஸ் வரும். மற்றதின் பொதுமுனையிலிருந்து பல்புக்குப் போகும். 'மேல் சுவிட்ச் போட்டிருந்தால்தான் கீழ் சுவிட்ச் வேலை செய்கிறது' என்ற புகார் வந்தால், யாரோ சுவிட்ச் மாற்றும்போது பொதுமுனையை இடம் மாற்றிவிட்டார்கள்.

வயர் மிச்சம் பிடிக்க ஒரு குறுக்கு வழி பழைய வீடுகளில் இருக்கிறது. இரண்டு சுவிட்சுக்கும் அங்கங்கே ஃபேஸும் நியூட்ரலும் கொடுத்து, பல்பை இரண்டு பொதுமுனைகளுக்கு நடுவே போடுவார்கள். ஒன்று ஃபேஸ், ஒன்று நியூட்ரல் என்றால் எரியும். இரண்டும் ஃபேஸ் என்றாலும் அணையும், இரண்டும் நியூட்ரல் என்றாலும் அணையும். அதாவது, அணைந்திருக்கும் பல்பின் இரு முனைகளிலுமே ஃபேஸ் நிற்கும் வாய்ப்பு பாதிக்குப் பாதி. இப்படி இருப்பது தெரிந்தால் உடனே மாற்றிவிடுங்கள்.

சூடாகும் சுவிட்ச்

மினுங்கலைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், போர்டில் வரும் லேசான கருகல் வாடையைக் கண்டுகொள்ளாமல் விடுகிறார்கள். தீ விபத்து என்று பார்த்தால் இதுதான் பெரிய ஆபத்து.

வயரைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூ தளர்ந்தால், அந்த இடத்தில் மின்தடை கூடும். 0.1 ஓம் கூடினாலே, 10 ஆம்பியர் ஓடும்போது அங்கே 10 வாட்ஸ் வெப்பம் பிறக்கிறது. பிளாஸ்டிக் பெட்டிக்குள் சின்னச் சால்டரிங் அயர்ன் ஒன்றை மாட்டி வைத்ததற்கு அது சமம். சூட்டில் உலோகம் கறுக்கும், மின்தடை இன்னும் கூடும், சூடு இன்னும் ஏறும். எம்.சி.பி. இதைப் பார்க்கவே பார்க்காது. ஏனென்றால் கரண்ட் அதிகமாகவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

அடையாளங்கள்: ஃபேன் ஓடும்போது போர்டில் 'கிர்ர்' சத்தம், சுவிட்ச் ஓரம் பழுப்பு நிறம், கை வைத்தால் சூடு, வீட்டில் மீன் சமைக்காதபோதும் லேசான மீன் வாடை. கடைசியது விசித்திரமாகத் தோன்றலாம். சுவிட்ச், ஹோல்டர்களில் பயன்படும் சில பிளாஸ்டிக் வகைகள் சூடேறும்போது அப்படித்தான் நாறும்.

பெரும்பாலும் இது நடப்பது 6 ஆம்பியர் பாயிண்டில் பெரிய சாமான் மாட்டும்போது. 1000 வாட்ஸ் அயர்ன் பாக்ஸ் இழுப்பது 4.3 ஆம்பியர், தாங்கும். 2000 வாட்ஸ் இண்டக்ஷன் அடுப்போ கீசரோ 8.7 ஆம்பியர். அதை அடாப்டர் வைத்து 6 ஆம்பியர் பாயிண்டில் ஓட்டினால் சுவிட்ச் தாங்காது.

இதற்கு நேர்மாறான பழுதும் உண்டு: சுவிட்சை அணைத்தாலும் விளக்கு முழு வெளிச்சத்தில் எரிவது. ஹாலின் ஃபால்ஸ் சீலிங்கில் பத்துப் பதினைந்து எல்.இ.டி. பேனல்களை ஒரே சுவிட்சில் கட்டியிருப்பார்கள். மொத்த வாட்ஸ் குறைவுதான். ஆனால் போட்ட கணத்தில் எல்லா டிரைவரின் கெபாசிட்டரும் ஒரே நேரத்தில் கரண்டை உறிஞ்சும். அந்த நொடியில் பொட்டுகள் உருகி ஒட்டிக்கொள்ளும். விளக்குகளை இரண்டு மூன்று சுவிட்சாகப் பிரிப்பதுதான் வழி.

பல்பு சீக்கிரம் போவது

பெட்டியில் போட்டிருக்கும் ஆயிரக்கணக்கான மணி நேர ஆயுள் பெரும்பாலும் எல்.இ.டி. பொட்டுகளுக்கானது. டிரைவரிலுள்ள கெபாசிட்டர் அதற்கு முன்பே காய்ந்துவிடும். வெப்பம் 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் பாதியாகும் என்பது எலக்ட்ரானிக்ஸ்காரர்களின் பொதுக் கணக்கு. காற்றுப் போகாத மூடிய கண்ணாடிக் கூண்டில் போட்ட பல்பு சீக்கிரம் போவது இதனால்தான். பொட்டுகள் வரிசையாக இணைந்திருப்பதால், ஒன்று கருகினாலும் மொத்தப் பல்பும் அணையும்; மூடியைக் கழற்றினால் அந்த ஒன்றின் நடுவில் கறுப்புப் புள்ளி தெரியும். ஒரே ஹோல்டரில் பல்பு அடிக்கடி போனால் ஹோல்டரைப் பாருங்கள். உள்ளே இருக்கும் இரண்டு பின்களின் ஸ்பிரிங் தளர்ந்து பொறி தட்டிக்கொண்டிருக்கும்.

எல்லா விளக்கும் ஒன்றாகக் கூடிக் குறைந்தால்

ஒரு விளக்கு மட்டும் துடித்தால் பல்பு, ஹோல்டர், சுவிட்ச் என்று தேடலாம். வீடு முழுக்கத் துடித்தால் மெயினிலோ மீட்டரிலோ கம்பத்திலோ தளர்ந்த இணைப்பு.

மிக்ஸி போட்டதும் ஒரு அறையில் விளக்கு மங்கி, இன்னொரு அறையில் *பிரகாசமானால்*, அது தனி வகை. நியூட்ரல் அறுந்துகொண்டிருக்கிறது. மூன்று ஃபேஸ் வீட்டிலோ, ஒரே நியூட்ரலைப் பகிரும் தெருவிலோ நியூட்ரல் போய்விட்டால், இரண்டு ஃபேஸ்களில் இருக்கும் சாமான்கள் 400 வோல்ட்டுக்கு இடையே வரிசையாக மாட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மொத்தம் 1000 வாட்ஸ், மறுபக்கம் 100 வாட்ஸ் ஓடுகிறது என்று வையுங்கள். 1000 வாட்ஸ் பக்கத்துக்குக் கிடைப்பது சுமார் 36 வோல்ட். 100 வாட்ஸ் பக்கம் சுமார் 364 வோல்ட் ஏறும். டி.வி., ஃபிரிட்ஜ், பல்பு எல்லாம் ஒரே நேரத்தில் கருகிய வீடுகளின் பின்னணி பெரும்பாலும் இதுதான்.

ஒற்றை ஃபேஸ் வீட்டுக்குத் தனியாக வரும் நியூட்ரல் மட்டும் அறுந்தால் அடையாளம் வேறு: எதுவும் ஓடாது, ஆனால் பிளக் பாயிண்டின் இரண்டு துளைகளிலும் டெஸ்டர் எரியும். ஏதோ ஒரு சாமானின் வழியாக ஃபேஸ் நியூட்ரல் வயருக்கும் வந்துவிட்டது. கரண்ட் இல்லை என்று நினைத்து நியூட்ரல் வயரில் கைவைத்தால் ஷாக் அடிப்பது இந்த நிலையில்தான். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: முதலில் மெயினை அணையுங்கள், பிறகு மின்வாரிய அலுவலகத்தைக் கூப்பிட்டு, "கரண்ட் இல்லை" என்று சொல்லாமல் "நியூட்ரல் கட்" என்று சொல்லுங்கள். லைன்மேன் கம்பத்தில் எதைப் பார்க்க வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே அவருக்குப் புரிந்துவிடும்.